ஸ்டாப்பர் எழும்பியாச்சு

மைக் நின்றால் அண்ணன் விழுந்திருக்கிறான் என்று அர்த்தம். எங்கள் அடுக்களைக்கும் வயலுக்கும் நடுவில் ஒரு வாழைத்தோட்டம் மட்டும்தான் இருந்தது. பந்தாட்டம் நடக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் மதியச் சாப்பாடு முடிந்ததுமே ஒலிபெருக்கியில் ஒருவர் தொடங்கிவிடுவார். மூச்சுவிடாமல் மலையாளம், ஆவேசம் தலைக்கேறினால் தமிழ். அம்மை ஒருநாளும் ஆட்டம் பார்க்க வயலுக்குப் போனதில்லை. சட்டியில் மீன் கழுவிக்கொண்டு நிற்பாள், காது மட்டும் வயலில் இருக்கும். சட்டென்று அந்தக் குரல் நிற்கும். மைக்கின் வெறும் இரைச்சல் வாழை இலைகளுக்கு நடுவே வந்துகொண்டிருக்கும். அம்மை கையில் இருப்பதை அப்படியே வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிடுவாள். உதடுகள் அசைவதிலிருந்து ஜெபம் செய்கிறாள் என்று தெரியும். எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை, அந்த நேரத்தை யாரும் அளந்து பார்த்ததில்லை. பிறகு குரல் வெடித்துக்கொண்டு வரும்: "ஸ்டாப்பர் எழும்பியாச்சு! நம்மட ஸ்டாப்பர் எழும்பியாச்சு!" ஊரே கூவும். அம்மை எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் மீனைக் கழுவத் தொடங்குவாள். அந்தக் கூவலைக் கேட்டு அவள் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடையே, உதியன்குளங்கரையில் பஸ் இறங்கி உள்ளே நடக்க வேண்டிய ஊர் எங்களுடையது. வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம், சபை ஆராதனையில் இரண்டும். எங்கள் சின்ன வயதிலேயே அப்பா போய்விட்டார். அண்ணன் மர அறுப்பு மில்லில் வேலை பார்த்தான், தங்கை நான் நெய்யாற்றின்கரை கல்லூரியில் பிரீடிக்ரி படித்தேன். வாரத்தில் ஆறு நாளும் அவன் மரத்தூள் அப்பிய, வாய் திறக்காத ஒரு சாதாரண ஆள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் அவனுக்கு வேறொரு உயரம் வந்துவிடும்.

கோல்கீப்பருக்கு முன்னால் கடைசி ஆளாக நிற்பவன்தான் ஸ்டாப்பர். அண்ணனுக்குக் காலாட்டம் சுத்தமாக வராது. பந்து காலில் பட்டால் அது எங்கே போகும் என்று உனக்காவது தெரியுமா என்று நான் கேலி செய்வேன். "எட்டி, பந்து வாறது மேல கூடியாக்கும். கீழ வாறதெப் பாக்க வேற ஆளு உண்டு" என்பான். அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. அறுத்த வயலில் நெல்தாள் குத்திக்கொண்டு நிற்கும், வெடிப்பும் குழியும் வேறு. அதில் பந்தை உருட்டிக்கொண்டு போக யாராலும் முடியாது. அதனால் எந்த ஊர் அணி வந்தாலும் பந்தை ஆகாயத்தில் தூக்கி அடிப்பதுதான் வழக்கம். விழுந்து வரும் அந்தப் பந்துக்கு அண்ணன் பின்னால் நகர்ந்து, பிறகு முன்னால் ஓடி, உயரத் துள்ளிச் சாடி நெற்றியால் அடிப்பான். அந்தச் சத்தம் எங்கள் வீட்டு முற்றம்வரை கேட்கும். தோல்பந்து, மழை பெய்தால் தண்ணீர் குடித்துக் கல்லாகிவிடும். களி என்று நாங்கள் சொல்லும் ஆட்டம் முடிந்து வரும்போது நெற்றியில் பந்தின் தையல் பதிந்திருக்கும். நான் அதைத் தொட்டுப் பார்த்துப் பெருமைப்பட்டிருக்கிறேன்.

முதல் தடவை அவன் விழுந்தபோது நான் வரப்பில் நின்றுகொண்டிருந்தேன். எதிர்ப்பக்கத்து ஃபார்வேர்டும் அண்ணனும் ஒரே பந்துக்குச் சாடினார்கள். இரண்டு தலைகளும் மோதின. அவன் தலையைப் பிடித்துக்கொண்டு உருண்டான், அண்ணன் உருளவில்லை. விழுந்த இடத்தில் விழுந்தபடி, ஒரு கை முதுகுக்கு அடியில் மாட்டிக்கொண்டு, கண் பாதி திறந்து கிடந்தான். கூட்டம் உள்ளே ஓடியது. யாரோ "ஆசானெ விளி" என்றார்கள். எங்கள் பக்கத்தில் களரியும் வர்ம வைத்தியமும் தெரிந்தவரை ஆசான் என்போம். ஆசான் கூட்டத்தில்தான் இருந்தார், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மெதுவாக வந்தார். அண்ணனைத் தூக்கி உட்கார வைக்கச் சொல்லி, பின்னால் நின்று முதுகில் முழங்காலை முட்டுக்கொடுத்து, உச்சந்தலையில் உள்ளங்கையால் தட்டினார். வாயில் சவைத்த சுக்கைக் காதுகளில் ஊதினார். வயல் முழுவதும் பேச்சுமூச்சில்லை. அண்ணன் தண்ணீருக்குள்ளிருந்து வந்தவன் மாதிரி மூச்சை இழுத்து எழும்பினான். அப்போது எழுந்த கூவலை நான் அதற்குமுன் கேட்டதில்லை. கோல் விழுந்தால்கூட அப்படிக் கூவமாட்டார்கள். அவன் எந்தப் பக்கம் திரும்பி நிற்பது என்று தெரியாமல் முழித்தான். கேப்டன் அவன் தோளைப் பிடித்துத் திருப்பிவிட்டார். எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான்.

மறுநாள் ஆசான் வீட்டுக்கு வந்தார். அம்மை கட்டன்சாயா கொடுத்தாள். "வர்மத்தில அடி பட்டவனெ எழுப்புறது பாதி வைத்தியமாக்கும். மிச்சப் பாதி கிடப்பு. ஒரு மண்டலம் வெயிலு கொள்ளாண்டாம், ஓடாண்டாம், தலையில ஒரு சும்மாடுகூட வைக்காண்டாம். கேட்டியா மக்கா?" என்றார். அண்ணன் நல்ல பிள்ளையாகத் தலையாட்டினான். ஆனால் அடுத்த ஞாயிறு அரையிறுதி. கேப்டன் மத்தியானமே வந்து நின்றார். ஊரில் சவுண்ட் சர்வீஸ் வைத்திருந்தவர் அவர்தான், வயலில் கட்டிய மைக்கும் அவருடையதே. கெட்ட மனிதர் அல்ல. எங்கள் அப்பாவின் அடக்கத்துக்கு ஓடியாடி உழைத்தவர். "மாமி, ஆசான் எழுப்பி விட்டாச்சில்லியா? எழும்பினவன் பின்னெயும் கிடக்கணும்னா என்ன வைத்தியம் அது?" என்று கேட்டார். அம்மை அண்ணனைத் திரும்பிப் பார்த்தாள். அண்ணன் அதற்குள் பூட்ஸை மாட்டிவிட்டிருந்தான்.

இந்தத் தவறை எங்கள் ஊர்க்காரர்களால் மட்டுமே செய்ய முடியும் என்று இப்போது நினைக்கிறேன். வேறு ஊராக இருந்தால் மயங்கிக் கிடப்பவனைப் பார்த்துப் பயந்து ஜீப்பில் தூக்கிப் போட்டு காரக்கோணத்துக்கோ திருவனந்தபுரத்துக்கோ ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருப்பார்கள். எங்களுக்குப் பயம் வரவில்லை. எங்களுக்கு ஆசான் இருந்தார். டாக்டர்களுக்குத் தெரியாத ஒன்று நம் ஆளுக்குத் தெரியும் என்ற பெருமை இந்துக்கள், கிறிஸ்தவர்கள் என்று எல்லோருக்கும் பொதுவாக இருந்தது. அந்த வைத்தியத்தில் கண்ணுக்குத் தெரிகிற பாதியை வயலில் வைத்துக் கொண்டாடினோம். கண்ணுக்குத் தெரியாத பாதியை, சும்மா கிடப்பதை, யாருக்குமே கொண்டாடத் தெரியவில்லை. கிடப்பவனைப் பார்க்க யார் கூட்டம் கூடுவார்கள்?

விழுந்து எழும்புகிறவனைப் பார்க்கக் கூட்டம் கூடியது. அடுத்த பருவத்திலிருந்து ஜீப்பில் மைக் கட்டி காஞ்சிரங்குளம்வரை விளம்பரம் போனது. விழுந்தாலும் எழும்பும் ஸ்டாப்பர் என்று அண்ணனைச் சொன்னார்கள். ஆசானுக்கு முன்வரிசையில் நாற்காலி போட்டார்கள், ஷாம்பு வாசனையோடு பெண்கள்கூட வரப்பில் வந்து நின்றார்கள். களி நன்றாகப் போய்க்கொண்டிருந்தாலும் கூட்டத்துக்கு ஏதோ ஒரு குறை இருப்பதுபோல இருக்கும். அண்ணன் சாடும்போதெல்லாம் ஒரு பெரிய மூச்சு இழுக்கும் சத்தம் வயல் முழுவதும் கேட்கும். அவன் நல்லபடியாக இறங்கிவிட்டால் அந்த மூச்சு வெளியே வரும். அதில் ஏமாற்றமும் கலந்திருந்தது என்று நான் சொன்னால் ஊரில் சண்டைக்கு வருவார்கள். வரட்டும்.

அண்ணன் மாறிக்கொண்டிருந்தான். மில்லிலிருந்து வந்ததும் ஈரத் தோர்த்துத் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு ஜன்னலைச் சாத்திவிட்டுப் படுப்பான். அடுக்களையில் ஒரு அலுமினியப் பாத்திரம் விழுந்தால் எங்களை அடிக்க வருவதுபோல எழுந்து வருவான், அதற்குமுன் என்னிடம் குரல்கூட உயர்த்தாதவன். ஒருநாள் சபையில் வேதபாடம் வாசிக்க நின்றவன் பாதியில் நிறுத்திவிட்டான். வரியைத் தேடுகிறான் என்று எல்லோரும் பொறுமையாக இருந்தோம். அவன் வரியைத் தேடவில்லை, எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தான், எங்களை எங்கேயோ பார்த்திருப்பதுபோல. பக்கத்தில் நின்றவர் விரலை வைத்துக் காட்டியதும் ஒன்றுமே நடக்காததுபோல வாசித்து முடித்தான். உதியன்குளங்கரையில் இறங்க வேண்டியவன் பாறசாலைவரை போய், அங்கிருந்து வழி கேட்டு வந்ததாக ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்னார். மில் முதலாளி சிரிக்கவில்லை. அறுப்பு வாளுக்கு முன்னால் மரத்தைத் தள்ளிக்கொடுத்துக்கொண்டே அண்ணன் கண் திறந்தபடி நின்றுவிட்டானாம். முதலாளி ஸ்விட்சை அணைத்துவிட்டு, அன்றிலிருந்து பலகை அடுக்கும் வேலைக்கு மாற்றினார். அம்மையிடம் இதை நான் சொல்லவில்லை. அவளுக்கு அதற்குமுன்பே தெரிந்திருந்தது.

ஆசான் இன்னொரு தடவை வீட்டுக்கு வந்தார். அன்று சாயா வேண்டாம் என்றுவிட்டார். வாசலிலேயே நின்று, அண்ணனைப் பார்க்காமல் அம்மையைப் பார்த்துப் பேசினார். "இனி என்னெ விளிக்காண்டாம். நான் எழுப்புற ஒவ்வொரு வட்டமும் இவன் கொஞ்சம் அங்கயே கிடந்துட்டு வாறான். கடைசியில எழுப்புறதுக்கு ஆளு மிச்சம் இருக்காது." அம்மை கும்பிட்டாள். அவர் போனபிறகு அண்ணனைத் தோட்டத்துக்கு இழுத்துப் போய்த் திட்டினேன். உனக்கு மூளை இருக்கா, இருந்ததையும் பந்தில் ஒட்டிவிட்டு வந்துவிட்டாயா என்று கேட்டேன். அவன் கோபப்படவில்லை. வாழை இலையைக் கிழித்துக்கொண்டே சொன்னான்: "விழும்போ ஒண்ணும் தெரியாது பிள்ளே. எழும்பும்போ ஆளுவ கூவுறது தூரத்திலேந்து வரும், பக்கத்தில வரும், பின்னெ எனக்க உள்ள வந்துரும். அதுக்குப் பொறவு வேற எதிலயும் ருசி இல்ல." அவனை அறைய வேண்டும்போல இருந்தது. கட்டிப்பிடித்து அழவும் வேண்டும்போல இருந்தது. இரண்டும் செய்யாமல், இனி உன் களியைப் பார்க்க வரமாட்டேன் என்று சத்தியம் செய்துவிட்டு உள்ளே வந்தேன்.

ஆசான் வராவிட்டால் என்ன, அவருடைய மருமகன் இருந்தான். எழுப்பத் தெரியும், கிடப்பைப் பற்றி வாய் திறக்கமாட்டான். முன்வரிசை நாற்காலியில் அவன் உட்கார்ந்தான். கல்யாணம் செய்துவைத்தால் அண்ணன் அடங்கிவிடுவான் என்று அம்மை காஞ்சிரங்குளம் பக்கத்திலிருந்து மைனியைக் கொண்டுவந்தாள். பெண் பார்க்கப் போன வீட்டில் யாரும் அண்ணனின் தலைவலியைப் பற்றிக் கேட்கவில்லை, ஸ்டாப்பர் அல்லவா என்று கேட்டுக் கை குலுக்கினார்கள். வந்த புதிதில் ஒரு ஞாயிறு, அடுக்களையில் மைனி தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். மைக் நின்றது. அம்மை தரையில் உட்காருவதை அவள் பார்த்தாள். துருவியைத் தள்ளி வைத்துவிட்டு மாமியாரின் பக்கத்தில் தானும் உட்கார்ந்தாள்.

கடைசி ஆட்டம் மாசியில் வரும் கும்ப அறுப்புக்குப் பிறகு, நல்ல வெயிலில். சத்தியத்தைக் காப்பாற்ற நானும் அடுக்களையில்தான் இருந்தேன். மைக் நின்றது. இந்த முறை மிகவும் நீண்டது. வாழைத்தோட்டத்தில் ஒரு காக்கை கத்தியதும் மைனி என் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு அந்தக் கூவல் வந்தது. எழும்பியாச்சு, எழும்பியாச்சு. அம்மை இந்தத் தடவை எழவில்லை. களி தொடர்ந்தது. கொஞ்ச நேரத்தில் மைக்கில் குரல் மாறியது. "ஸ்டாப்பர் எவிடெ? ஸ்டாப்பர் கிரவுண்டுக்கு வரணும்." முதலில் வேடிக்கையாகக் கேட்டார்கள், பிறகு கோபமாக, பிறகு வெறுமனே கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

பின்கதவு வழியாக அண்ணன் உள்ளே வந்தான். பூட்ஸில் வயல்மண், காதில் சுக்குச் சக்கை ஒட்டியிருந்தது. வழக்கமாக உட்காரும் பலகையைப் போட்டு உட்கார்ந்தான். "அம்மா, வல்லதும் திங்கத் தா. களி தொடங்க நேரமாச்சு" என்றான். மைக்கில் அவனைத் தேடிக்கொண்டிருந்தார்கள். அவனுக்கு அது கேட்கிற மாதிரியே தெரியவில்லை. அம்மை பழங்கஞ்சியை ஊற்றி வைத்தாள். நன்றாகச் சாப்பிட்டான். மைனியைப் பார்த்து, வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் சிரிப்பதுபோல மரியாதையாகச் சிரித்தான். மைனி முகத்தைத் திருப்பிக்கொண்டு துருவியை எடுத்தாள், துருவ அங்கே தேங்காய் இல்லை.

கேப்டன் மூச்சிரைக்க வாசலுக்கு வந்தார். அம்மை கதவை மறித்து நின்றாள். ஒல்லியான உடம்பு அவளுக்கு, ஆனால் அன்று கதவு முழுவதும் அவளாகத்தான் இருந்தாள். "ஆளு இஞ்ச இல்ல" என்றாள்.

"மாமி, அந்நா இருக்கானே!"

"அது எனக்க பிள்ளையாக்கும். உனக்க ஸ்டாப்பரெ நீ வயல்ல போய்த் தேடு."

கேப்டன் அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். அண்ணன் கஞ்சியிலிருந்து தலையைத் தூக்கி, "களி எப்பம் தொடங்கும்?" என்று அவரிடமும் கேட்டான். கேப்டனின் முகம் அப்போது போன போக்கை நான் மறக்கவில்லை. திரும்பி நடந்தார். சற்று நேரத்தில் மைக் நின்றது. அந்தப் பருவத்தில் பிறகு அது கட்டப்படவே இல்லை.

அப்படித்தான் அண்ணனின் ஆட்டக் காலம் முடிந்தது. திருவனந்தபுரத்தில் தலையைப் படம் பிடித்துப் பார்த்தார்கள். இதற்குமுன் எத்தனை தடவை மயங்கி விழுந்திருக்கிறார் என்று டாக்டர் கேட்டபோது நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். எத்தனை கோப்பைகள் என்று கேட்டிருந்தால் ஊரே சொல்லியிருக்கும். அவன் செத்துப்போகவில்லை, படுக்கையில் விழவும் இல்லை. சின்னச் சின்ன வேலைகள் செய்வான், மாட்டுக்குப் புல் அறுப்பான். நல்ல நாளில் மைனியைப் பேர் சொல்லி அழைப்பான், கெட்ட நாளில் வாசலில் நின்று வீட்டுக்காரர்கள் உண்டா என்று கேட்பான். மைனி ஒவ்வொரு தடவையும் உண்டு, உள்ளே வாருங்கள் என்று சொல்லிக் கூட்டிக்கொண்டு போவாள். அம்மை கண்மூடும்வரை ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பின்கதவைத் தாழிட்டே வைத்திருந்தாள்.

ஆசானும் போய்ச் சேர்ந்து பல வருடங்கள் ஆகின்றன. வயலில் பாதி வீடுகளாகிவிட்டது, மீதிப் பாதியை மண் கொட்டிச் சமப்படுத்தி, வலை கட்டிப் பிள்ளைகள் ஆடுகிறார்கள். பந்து இப்போது தரையில் அழகாக உருள்கிறது. போன வருடம் பழைய ஆட்டக்காரர்களைக் கௌரவிக்கிறோம் என்று கேப்டன் வந்து கூப்பிட்டார். அவருக்கும் தலை முழுக்க நரைத்துவிட்டது. மைனி வரவில்லை என்றுவிட்டாள். வேலையிலிருந்து விருப்ப ஓய்வு பெற்ற எனக்குத்தான் பொழுது இருந்தது, அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டு போனேன். பொன்னாடை போட்டார்கள். அண்ணன் அதைக் குளிருக்குப் போர்த்துவதுபோல இழுத்துப் போர்த்திக்கொண்டான். பழைய பெருமைகளை ஒருவர் மைக்கில் சொன்னார், விழுந்ததையும் எழும்பியதையும் சேர்த்துத்தான். கூட்டம் கைதட்டியது. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

களி தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் இரண்டு பையன்கள் ஒரு கார்னர் பந்துக்குச் சாடினார்கள். தலையும் தலையும் மோதிய அந்தச் சத்தத்தை இத்தனை வருடம் கழித்தும் என் காது கண்டுகொண்டது. ஒருவன் விழுந்த இடத்திலேயே கிடந்தான். சுற்றி ஓடிவந்தவர்கள் அவன் கன்னத்தைத் தட்டினார்கள், சோடா கொண்டுவரச் சொன்னார்கள், இரண்டு பக்கமும் கைகொடுத்துத் தூக்கினார்கள். பையன் தலையை அசைத்ததுமே கூட்டம் கைதட்டத் தொடங்கிவிட்டது. பக்கத்து நாற்காலி காலியாக இருப்பதை அப்போதுதான் பார்த்தேன்.

அண்ணன் உள்ளே போயிருந்தான். ஓடவில்லை, நடந்துதான் போனான். தூக்கிக்கொண்டிருந்தவர்களை விலக்கி, பையனை மறுபடியும் தரையில் சாய்த்து, பொன்னாடையைச் சுருட்டி அவன் தலைக்கு அடியில் வைத்தான். பிறகு பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்து உள்ளங்கையை அவன் நெஞ்சில் வைத்து அமர்த்தினான்.

"எழும்பாண்டாம் மக்கா" என்றான். "கிட. ஆளுவ கூவும். நீ கிட."

பையன் எழும்பப் பார்த்தான், அண்ணன் விடவில்லை. கைதட்டல் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து நின்றது. நடத்துகிறவர்களில் ஒருவர் அண்ணனை அப்புறப்படுத்த வந்தார். கேப்டன் அவரைத் தடுத்து, ஆம்புலன்ஸை வரச் சொல் என்றார். நான் வெயிலில் நின்று எல்லோருக்கும் முன்னால் வாய்விட்டு அழுதேன். என் பேரைக்கூட அன்று காலை அண்ணன் மறந்திருந்தான். பையனை ஸ்ட்ரெச்சரில் ஏற்றும்வரை அந்தக் கையை அவன் எடுக்கவில்லை.